விட்டு 47 நாள் ஆன பிறகும் மனம் ஏன் அங்கேயே போகிறது?

என் நண்பன் ஒருவன் குடியை விட்டு அன்று 47-ஆம் நாள். கை நடுக்கம் போய், தூக்கம் ஓரளவு வந்து, முகத்தில் இருந்த வீக்கமெல்லாம் வடிந்து, பார்க்கிறவர்கள் "ஆளே மாறிட்டியே" என்று சொல்ல ஆரம்பித்திருந்த நேரம். சாயங்காலம் பக்கத்தில் யாரோ ஒரு பாட்டில் மூடியைத் திருகினார்கள். வெறும் சோடாதான். அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே அவனுக்கு வாயில் எச்சில் ஊறி, உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "குடிக்கணும்னு நான் நினைக்கவே இல்லடா, உடம்பு நினைச்சிடுச்சு" என்றான். அன்று அவன் குடிக்கவில்லை. மூன்று வாரம் கழித்துக் குடித்தான், அதற்கும் வருகிறேன்.

குடியோ, கஞ்சாவோ, ஊசியோ, மாத்திரையோ, எதுவானாலும் "நிறுத்திட்டான், அவ்வளவுதான், முடிந்தது" என்று நினைக்கிற பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. நிறுத்தியவரும் அப்படித்தான் நினைக்கிறார். குடித்த சாராயம் உடம்பை விட்டுப் போக ஒரு நாள் போதும். நடுக்கம், வியர்வை, வாந்தியெல்லாம் அடங்க ஒரு வாரம், பத்து நாள். அதற்குப் பிறகும் ஒருவர் ஏன் திரும்பிப் போகிறார் என்று கேட்டால், மன உறுதி இல்லை, குடும்பத்தின் மேல் பாசம் இல்லை, திமிர் என்று ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறோம். இந்தப் பதில்களில் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. மூளை ஊன்றிப் படித்து வைத்த ஒரு பாடம்தான் ஆளைத் திரும்ப இழுக்கிறது. விஷத்தை இறக்குவதைவிட அந்தப் பாடத்தின் பிடியைத் தளர்த்துவது பல மடங்கு மெதுவான வேலை.

அந்தப் பாடம் எப்படிப் பதிகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1954-இல் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றைப் பொருத்தினார்கள். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் லேசாக மின்சாரம் பாயும். எலி விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. மூளையின் 'இன்ப மையம்' கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று பேச்சானது. பிறகு டோபமைன் என்ற ரசாயனத்தின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது, இன்றைக்கும் அதை 'சந்தோஷ ரசாயனம்' என்றே பலர் எழுதுகிறார்கள்.

விஷயம் அவ்வளவு நேரானது இல்லை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், குரங்குக்கு எதிர்பாராமல் பழச்சாறு கிடைக்கும்போது டோபமைன் நரம்பணுக்கள் துடித்தன. ஒரு விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, அந்தத் துடிப்பு சாறு வரும் நேரத்திலிருந்து விளக்கு எரியும் நேரத்துக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது விசேஷமாக ஒன்றும் இல்லை. விளக்கு எரிந்து சாறு வராமல் போனாலோ, சரியாக அது வர வேண்டிய நொடியில் அந்த நரம்பணுக்களின் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. ஏமாற்றத்தின் கையெழுத்து என்று வேண்டுமானால் சொல்லலாம். என் நண்பனுக்குப் பாட்டில் மூடிச் சத்தம்தான் அந்த விளக்கு. அடுத்த அரைமணி நேரம் காரணமே இல்லாமல் அவன் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தானே, அது ஏன் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது.

இதை இன்னும் ஒரு படி தெளிவாக்கியவர்கள் டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இரண்டு ஆய்வாளர்கள். ஒன்றை விரும்புவதும் ஒன்றுக்காக ஏங்குவதும் மூளையில் வேறு வேறு வேலைகள், போதை வளர்த்துவிடுவது ஏக்கத்தை என்று அவர்கள் 1993-இல் எழுதினார்கள். ருசிப்பது அப்படியே நிற்கலாம், குறையவும் செய்யலாம், ஏக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். குடிநோயில் பல வருடம் கழித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "இப்பல்லாம் அது பிடிக்கவே இல்லைங்க, ஆனா விட முடியல" என்பார்கள். கேட்பவர்கள் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் சொல்வதிலேயே ரொம்பத் துல்லியமான வாக்கியம் அதுதான்.

சாதாரண சந்தோஷங்கள் பழகப் பழக மூளைக்குச் செய்தியாகவே இருப்பதில்லை, அடங்கிவிடும். போதைப்பொருள் ரசாயன ரீதியாகவே டோபமைனைத் தூக்கிவிடுவதால், ஒவ்வொரு தடவையும் "எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது" என்ற பொய்ச் செய்தி போய்க்கொண்டே இருக்கிறது. இந்த வெள்ளத்தைச் சமாளிக்க மூளை தன் பக்கத்து வாங்கிகளை, அதாவது டோபமைனின் செய்தியைப் பிடித்துக்கொள்ளும் இடங்களை, குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் விட்ட முதல் சில மாதங்களில் எதுவுமே சுவைக்காது. பிள்ளையின் சிரிப்பு, பிடித்த பாட்டு, நண்பர்களின் அரட்டை எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருக்கும். குடியில்லாத வாழ்க்கை என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அந்த நேரத்தில் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். முடிவு தவறு. அது வெறும் இடைக்காலம், வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மெல்ல மெல்ல நிறம் திரும்பும். ஆனால் இதை முன்கூட்டியே யாராவது சொல்லி வைத்திருக்க வேண்டும், சொல்லாமல் விட்டால் மனிதன் தன்னைத்தான் சந்தேகப்படுவான்.

இடத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஷெப்பர்ட் சீகல் என்ற உளவியலாளர் 1982-இல் வெளியிட்ட எலிச் சோதனை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். எலிகளுக்கு ஹெராயின் கொடுத்துப் பழக்கி, பிறகு பெரிய அளவில் ஒரு டோஸ் கொடுத்தார்கள். பழகிய அறையில் அதை வாங்கிய எலிகளைவிட, புது அறையில் வாங்கிய எலிகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு செத்துப்போயின. அளவு அதே, பொருளும் அதே. பழகிய அறையைப் பார்த்ததுமே உடம்பு, வரப்போகும் போதைக்கு எதிர்ப்பக்கம் தயாராகிவிடுகிறது. புது அறையில் அந்தத் தயாரிப்பு இல்லை. இதைத் திருப்பிப் போட்டு யோசித்தால் இன்னொன்றும் விளங்கும்: பழகிய இடத்துக்குப் போய் போதை மட்டும் வராமல் போனால், உடம்பு செய்து வைத்த அந்த எதிர்த்தயாரிப்பு எங்கே போகும்? நடுக்கமாக, வியர்வையாக, ஏக்கமாக வெளியே வரும்.

இதோடு சேர்ந்த ஒரு ஆபத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில வாரம் நிறுத்தியிருந்தால், முன்பு தாங்கிய அளவை உடம்பு இப்போது தாங்காது. ஹெராயின் மாதிரி ஓபியாய்டு வகைப் போதையில் இருந்தவர்கள் மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் நாட்களில் பழைய அளவையே எடுத்துக்கொண்டு மூச்சு நின்று இறப்பது இதனால்தான். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நலாக்சோன் என்ற, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் என்று வந்ததால் வியட்நாம் கதையையும் சொல்லியாக வேண்டும். போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாக இருந்ததாகத் தாங்களே சொன்னார்கள். நாடு திரும்பினால் என்னாகுமோ என்று அரசாங்கமே பயந்தது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1971-இல் திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், திரும்பி வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுக்குத்தான். பெரும்பாலானவர்கள் எந்தச் சிகிச்சையும் எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் படித்துவிட்டு, ஊரை மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அங்கேதான் கவனம் வேண்டும். அந்தச் சிப்பாய்க்குப் போதை ஒட்டிக்கொண்டிருந்த இடம் கடலுக்கு அப்பால் இருந்தது, வீடு அதிலிருந்து தப்பிய இடம். நம்மில் பெரும்பாலோருக்கு வீடே அந்த இடம்: அதே நாற்காலி, அதே சாயங்காலம், அதே போன் எண்கள், அதே சண்டை. எல்லாவற்றையும் மாற்ற முடியாது என்பது தெரிந்ததுதான், நாற்காலியையும் போன் எண்களையும் மாற்றலாம்.

சரி, நிறுத்தும் நாளுக்கு வருவோம். "ரூமில் பூட்டி வை, ரெண்டு நாளில் தெளிந்துவிடும்" என்பது ஆளையே கொல்லக்கூடிய யோசனை. பல வருடம் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கமும் பதற்றமும் தொடங்கும், வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும், இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்கு நேரம் இடம் தெரியாமல் பிதற்றல், இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணில் தெரிவது, காய்ச்சல், தாறுமாறான நாடித்துடிப்பு என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரும். குடி மூளையை அழுத்தி வைத்திருந்தது, மூளை அதை எதிர்த்து மிதித்துக்கொண்டிருந்தது, அழுத்தம் சட்டென்று போனதும் மிதி மட்டும் மிஞ்சுகிறது. தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை வகையில் பென்சோடயாசெபைன்களைப் பல மாதம் எடுத்தவர்களுக்கும் இதே கதைதான், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மருத்துவமனையில் முதலில் தயமின், அதாவது பி1 வைட்டமின், ஊசியாகப் போடுவார்கள். சத்து ஊசிக்கு என்ன அவசரம் என்று தோன்றும். அது இல்லாமல் போனால் நடை தள்ளாடி, கண் அசைவு கெட்டு, கடைசியில் புது நினைவுகளே பதியாத நிலைக்குப் போய்விடலாம். ஓபியாய்டு விலகலில் உயிர் போவது அரிது, ஆனால் உயிர் போனால் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்குப் படுத்தும்.

இன்னொரு வாதம் எப்போதும் வரும்: "நான் தினமும் குடிப்பதில்லையே, நான் எப்படி அடிமை?" மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில், 2013-இலிருந்து, 11 அளவுகோல்கள் இருக்கின்றன. நினைத்ததைவிட அதிகமாகப் போவது, குறைக்க முயன்று தோற்பது, ஏக்கம், வேலையும் வீடும் கெட்டும் தொடர்வது இப்படி. ஒரு வருடத்தில் இரண்டோ மூன்றோ பொருந்தினால் லேசானது, நான்கைந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் தீவிரம். எத்தனை மில்லி, வாரத்தில் எத்தனை நாள் என்ற கேள்வி அந்தப் பதினொன்றில் இல்லவே இல்லை.

இனி மனநலம். போதையும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பது சர்வ சாதாரணம். எது முதலில் வந்தது என்று குடும்பங்கள் வருடக்கணக்கில் வாதாடும். எட்வர்ட் கான்ட்சியன் என்ற மனநல மருத்துவர் 1985-இல், மனிதர்கள் தங்களுக்குத் தாங்களே மருந்து போட்டுக்கொள்கிறார்கள் என்று எழுதினார். தாங்க முடியாத ஒன்றை மரத்துப்போகச் செய்யத்தான் பலர் கை நீட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். அதில் நிறைய உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை, ஏனென்றால் அந்த மருந்தே பிறகு நோயைத் தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறது. ராத்திரி பதற்றத்தைத் தணிக்கும் குடி, விடியற்காலை நான்கு மணிக்கு அதை வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். "என் பதற்றத்துக்கு இதுதான் கேட்கிறது" என்று ஆள் நம்புவார். சிகரெட்டும் அப்படியே. டென்ஷனைக் குறைக்கிறது என்று நினைப்பதில் பெரும்பகுதி, போன சிகரெட் கிளப்பிவிட்ட தவிப்பை இந்த சிகரெட் தணிப்பதுதான்.

குடி உண்டாக்கிய மனச்சோர்வு பலருக்கு நிறுத்திய மூன்று நான்கு வாரத்தில் தானாகவே கணிசமாக இறங்கும். இறங்கவில்லை என்றாலோ, குடிப்பதற்கு முன்பே அது இருந்தது என்றாலோ, அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். "முதல்ல குடியை விட்டுட்டு வா, அப்புறம் மனசைப் பார்க்கலாம்" என்று ஒரு டாக்டரும், "முதல்ல மனசைச் சரி பண்ணிட்டு வா" என்று இன்னொருவரும் பந்தாடிய காலம் ஒன்று இருந்தது, சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவர் வாயில் சாவைப் பற்றிய பேச்சு வந்தால் அதைப் போதைப் பேச்சு என்று தள்ளாதீர்கள். போதையும் விரக்தியும் சேரும்போதுதான் ஆபத்து அதிகம். தனியாக விடாமல், கையெட்டும் தூரத்தில் இருக்கும் மருந்து, கயிறு, கத்தியை அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவ உதவிக்குக் கூட்டிப்போங்கள்.

நண்பன் குடித்த நாளுக்கு வருகிறேன். 68-ஆம் நாள். சண்டை இல்லை, துக்கம் இல்லை, வேலையில் ஒரு நல்ல செய்தி. சந்தோஷமும் அவனுக்கு ஒரு 'விளக்கு' என்பதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. ஒன்றே ஒன்று குடித்தான். குடித்துவிட்டு உட்கார்ந்து, "போச்சு, எல்லாம் போச்சு" என்று நினைத்தானாம். அப்புறம் நான்கு நாள். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980-களில் இதைத்தான் விளக்கினார்: ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவதில் முதல் குவளைக்கு இருக்கும் பங்கைவிட, அதற்குப் பிறகு வரும் "நான் இவ்வளவுதான்" என்ற எண்ணத்துக்கு இருக்கும் பங்கு பெரியது. அந்த நான்கு நாளைக் கொண்டுவந்தது அவனுடைய அந்த 'போச்சு'தான் என்று நான் இன்றும் நம்புகிறேன். 67 நாள் அழிந்துவிட்டதாக அவன் கணக்கு. 67 நாள் அவன் மூளை வேறு மாதிரி வாழ்ந்து பழகியிருந்தது, அதை யார் அழிக்க முடியும்? மெக்லெல்லன் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 2000-இல் எழுதிய ஒரு கட்டுரை, போதை நோயில் திரும்புவோர் விகிதத்தை ரத்த அழுத்தம், ஆஸ்துமா, சர்க்கரை நோயோடு ஒப்பிட்டது. சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி போகிறார்கள், மற்ற நோய்களிலும் ஏறக்குறைய அதே கதைதான். பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு மறுபடி பிரஷர் ஏறியவரை யாரும் துரோகி என்பதில்லை.

மருந்துகள் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இரண்டும் குடி ஏக்கத்தைக் குறைக்க உதவுகின்றன, எல்லோருக்கும் இல்லை, ஆனால் கணிசமானவர்களுக்கு. டைசல்ஃபிரம் என்பது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்துக்கொள்ளச் செய்யும் மாத்திரை. அதை அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம், பிழைத்துவிட்டால் வீட்டுச் சாப்பாட்டின் மேல் இருந்த நம்பிக்கை போகும். ஓபியாய்டுக்கு மெத்தடோன், பியூப்ரனார்ஃபின். 1965-இல் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் மெத்தடோன் சிகிச்சையைப் பற்றி முதலில் எழுதிய நாளிலிருந்து "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. சிகிச்சையில் தொடர்பவர்களிடம் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்பதுதான் என் பதில்.

பேச்சு வைத்தியத்துக்கும் குழுவுக்கும் இடம் உண்டு. 1935-இல் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்ததில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களை நான் ஒரு காலத்தில் வெறும் பிரார்த்தனைக் கூட்டம் என்று நினைத்திருந்தேன். பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பு, குடியை முழுசாக விடுவதில் அந்த வழியும் அதை ஒட்டிய சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, சிலவற்றைவிட மேல் என்று சொன்னது. என் நினைப்பை மாற்றிக்கொண்டேன். கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு வேறு குழுக்கள் இருக்கின்றன. இந்த மாதிரிக் கூட்டங்களில் சொல்லிக் கொடுக்கும் ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஏக்கம் வரும்போது பசியா, கோபமா, தனிமையா, சோர்வா என்று முதலில் பார். நிறைய தடவை பதில் வெறும் பசிதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. போதையில் இருக்கும்போது எந்தப் பேச்சும் வேண்டாம், காலையில் பேசுங்கள். "நேத்து குடிச்சியா, வாயை ஊது" என்று தொடங்கும் பேச்சு எங்கே முடியும் என்று உங்களுக்கே தெரியும். கடனை அடைப்பது, ஆபீசுக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்று பொய் சொல்வது, இதையெல்லாம் நிறுத்தலாம், அன்பை நிறுத்த வேண்டியதில்லை. குடிக்காத நாளில் கூட உட்கார்ந்து பேசுங்கள், அந்த நாள் அவருக்கு நல்ல நாளாக இருக்கட்டும். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம், குடித்த நாளில் வீடே அவரைச் சுற்றி நிற்கும், குடிக்காத நாளில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

ஏக்கம் ஒரு அலை மாதிரி, ஏறும், உச்சிக்குப் போகும், தீனி போடாவிட்டால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் இறங்கும். அதை அடக்கப் பார்க்காமல் வேடிக்கை பார்க்கச் சொல்வார் மார்லட். நண்பனுக்கு அந்த வேடிக்கை பார்ப்பது வரவில்லை, கண்ணை மூடினால் பாட்டில்தான் தெரிகிறது என்றான். அவன் வேறு ஒன்று செய்கிறான். இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது, நாள் எண்ணுவதை விட்டுவிட்டான். ஆனாலும் சில சாயங்காலங்களில், ஆறே முக்கால் வாக்கில், எனக்குப் போன் வரும். காரணம் சொல்ல மாட்டான், நானும் கேட்க மாட்டேன். அவன் வண்டியில் வரும் சத்தத்தைப் பற்றி, என் முதுகுவலியைப் பற்றி, பள்ளியில் கூடப் படித்த ஒருவனுக்கு முடி கொட்டிப்போனதைப் பற்றி, ஒரு இருபது நிமிடம். அப்புறம் குரல் கொஞ்சம் இளகும். "சரிடா, வெச்சிடறேன்" என்பான்.